சுவீடன்காரரின் நடுத்தட்டு

எழுபதுகளின் நடுவில் நான் வாடகைக்கு இருந்த வீட்டுக் குளிர்பெட்டியில் மூன்று தட்டுகள் இருந்தன. மேல்தட்டு வீட்டின் சொந்தக்காரருக்கு. கீழ்த்தட்டு எனக்கு. நடுத்தட்டு யாருக்கும் இல்லை. அதன் இரண்டு ஓரங்களிலும் அவர் வெள்ளைப் பெயின்றால் கோடு போட்டிருந்தார். என் தட்டில் கத்தரிக்காயும் பால் போத்தலும் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் கிடக்கும். நடுத்தட்டில் ஒரு முட்டைகூட இராது.

மெல்பேர்னின் பிரன்ஸ்விக் பகுதியில், ட்ராம் போகும் தெருவிலிருந்து உள்ளே திரும்பினால் அந்த வீடு. அவர் சுவீடன்காரர். ஐம்பதைத் தாண்டியவர், மனைவி மக்கள் இல்லை, ஒரு தளபாடத் தொழிற்சாலையில் கதிரைக்குக் கால் பொருத்துகிற வேலை. நான் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த நேர்ஸ். கறுத்தத் தோலுக்கு வாடகைக்கு அறை தர ஆயிரம் சாட்டுச் சொல்லும் ஊரில் அவர் எதுவும் கேட்காமல் கதவுத் திறப்பைத் தந்தார். தோலின் நிறத்தைப் பற்றித் தனக்கு ஒரு கருத்தும் இல்லை என்றார். பிறகுதான் தெரிந்தது, அவருக்கு எதைப் பற்றியும் கருத்தில்லை.

வந்த புதிதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆட்டிறைச்சிக் கறி வைத்தேன். சட்டி என் தட்டில் அடங்கவில்லை, நடுத்தட்டில் வைத்துவிட்டுப் போய்ப் படுத்தேன். கொஞ்ச நேரத்தில் கதவு தட்டப்பட்டது. திறந்தால் மனிதர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு விறைப்பாக நிற்கிறார். எந்தத் தரப்புக்கும் சொந்தமில்லாத பகுதியில் ஒரு சட்டி காணப்பட்டதாகவும், அதை யார் வைத்தார்கள் என்று தான் சொல்லவரவில்லை என்றும், இரண்டு தரப்புக்கும் தகவல் தருவது தன் கடமை என்றும் சொன்னார். அந்த வீட்டில் இருந்ததே நாங்கள் இரண்டு பேர். மற்றத் தரப்புக்குச் சொல்லியாயிற்றா என்று கேட்டேன். சொல்லியாகிவிட்டது, அவர் தனக்கு ஒன்றும் தெரியாது என்கிறார் என்றார். முகத்தில் சிரிப்பின் சாயலே இல்லை. நான் சட்டியைத் தூக்கிக்கொண்டு போய் அறை ஜன்னலுக்கு வெளியே வைத்தேன். குளிர்காலம், கெடவில்லை.

அந்தச் சட்டியால்தான் அவருடைய கதை தெரியவந்தது. சுவீடன் என்பது அவருடைய தாத்தாவுக்குத் தாத்தா காலத்திலிருந்து யாரோடும் சண்டைக்குப் போகாத நாடாம். ஆனால் பட்டாளம் உண்டு. அந்தப் பட்டாளத்தில் விரும்பியவர்களை உலக நாடுகள் சேர்ந்து நீலத் தொப்பி போட்டு, மற்றவர்கள் சண்டை பிடிக்கிற இடங்களுக்கு அனுப்பி, நடுவில் நிற்க வைக்குமாம். இவர் முதலில் காசாவில் நின்றார். பிறகு சைப்பிரஸ் தீவில் கிரேக்கருக்கும் துருக்கியருக்கும் நடுவில் நின்றார். சண்டை பிடிக்காத நாட்டுக்குப் பட்டாளம் எதற்கு என்று கேட்டேன். சண்டை பிடிக்கிற நாட்டுப் பட்டாளத்துக்கு நடுவில் நிற்க நேரம் எங்கே இருக்கிறது என்று திருப்பிக் கேட்டார்.

அந்த வீட்டை அவர் வாங்கிய காரணமும் அதுதான். இடது பக்கத்து வீட்டில் சைப்பிரஸ் கிரேக்கக் குடும்பம். வலது பக்கத்தில் சைப்பிரஸ் துருக்கிக் குடும்பம். கூரை ஒழுகும், தரையில் கறையான் இருக்கிறது என்று வீட்டுத் தரகரே சொல்லியும் இவர் கேட்கவில்லையாம். இரண்டு வேலிக்கும் நடுவில் நின்று பார்த்தவுடன் மனம் நிம்மதியாகிவிட்டது என்றார். திங்கட்கிழமை கிரேக்க வீட்டில் காப்பி, செவ்வாய்க்கிழமை துருக்கி வீட்டில் காப்பி. ஒரு வீட்டில் இரண்டாவது கோப்பை குடிக்க நேர்ந்தால் மற்ற வீட்டிலும் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டு, இரவெல்லாம் நித்திரை இல்லாமல் கிடப்பார். இரண்டும் ஒரே காப்பிதானே என்று நான் ஒருநாள் சொல்லிவிட்டேன். அதை வேலி ஓரத்தில் நின்று சொல்லவேண்டாம் என்று தாழ்மையாகக் கேட்டுக்கொண்டார்.

பின்வளவில் ஒரு எலுமிச்சை மரம் நின்றது. மெல்பேர்னில் அது இல்லாத பின்வளவு குறைவு. ஆனால் இவருடைய மரம் மாதிரிக் காய்த்த மரத்தை நான் காணவில்லை. காய்களைப் பறித்து இரண்டு பையில் சரிசமனாகப் போட்டு இரண்டு வீட்டுக்கும் கொடுப்பார். ஒற்றைப்படையாக வந்தால் மிஞ்சின காயை மரத்தடியிலேயே புதைத்துவிடுவார். எனக்குத் தரலாமே என்றேன். எனக்கு இரண்டு வீட்டோடும் எல்லைத் தகராறு இல்லை, ஆகவே பங்கும் இல்லை என்று விளக்கினார். காய்த்துக் குலுங்குகிற மரத்துக்குக் கீழே நின்று துணி காயப்போட்டுவிட்டு, கடைக்குப் போய்க் காசு கொடுத்து எலுமிச்சம்பழம் வாங்கிவந்தவள் நான்.

இதெல்லாம் வீட்டுக்குள். வெளியே இன்னும் மோசம். மெல்பேர்னில் ஒருவரைப் பார்த்தால் பெயர் கேட்கிறார்களோ இல்லையோ, எந்த ஃபுட்போல் அணி என்று கேட்பார்கள். எந்த அணியும் இல்லை என்றால் ஆஸ்பத்திரியில் கிடக்கிற வருத்தக்காரனைப் பார்ப்பதுபோல் பார்ப்பார்கள். இவர் சனிக்கிழமைகளில் மைதானத்துக்குப் போய், நடுவில் நிற்கிற அம்பயர் பந்தை எடுத்து எறியும் போதெல்லாம் எழுந்து நின்று கை தட்டிவிட்டு வருவார். இரண்டு அணி ஆட்களும் சேர்ந்து அவரை அடிக்க வந்த கதையை என்னிடம் பெருமையாகச் சொன்னார். தான் வந்த பிறகுதான் அவர்கள் ஒற்றுமைப்பட்டார்களாம்.

பிறகு சைப்பிரஸில் உண்மையான போர் வந்தது. துருக்கிப் படை வந்து இறங்கியதென்று வானொலி சொன்னது. அன்று அவர் வேலைக்குப் போகவில்லை. குசினிக் கதிரையில் உட்கார்ந்து இரண்டு வேலிகளையும் மாறி மாறிப் பார்த்தபடி இருந்தார். தாங்கள் அத்தனை வருஷம் நடுவில் நின்றதாகவும், வந்த படை தங்களைச் சுற்றிக்கொண்டு போய்விட்டதாகவும் சொன்னார். அவருக்காக நான் வருத்தப்பட்டது அன்றுதான் முதல் தடவை. அதன் பிறகு இரண்டு பக்கத்து வீட்டுப் பெண்களும் ஒருவரோடு ஒருவர் பேசுவதை நிறுத்தினார்கள். காப்பி மட்டும் திங்களும் செவ்வாயும் தவறவில்லை.

அடுத்த வருஷம் எனக்குக் கலியாணம் பொருந்தியது. மாப்பிள்ளை சிட்னியில் எஞ்சினியர், எங்கள் ஊர்ப் பக்கத்து ஆள்தான். நல்ல இடம் என்று அப்பாவுக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். எனக்கும் விருப்பமில்லை என்றில்லை, படத்தில் மனிதர் பாவம்போல இருந்தார். சிக்கல் வேறு இடத்தில். அந்த வருஷம்தான் எனக்குப் பிள்ளைப்பேற்று நேர்ஸ் படிப்புக்கு, அதாவது மிட்வைஃப் பயிற்சிக்கு, இடம் கிடைத்திருந்தது. ஒரு வருஷப் படிப்பு. எத்தனையோ தரம் கேட்டு, எத்தனையோ தரம் இல்லை என்று கேட்டு, கடைசியில் கிடைத்தது. விட்டுவிட்டுச் சிட்னிக்குப் போனால் இன்னொரு தரம் தரமாட்டார்கள் என்று பொறுப்பு நேர்ஸ் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டா. மற்ற வார்டுகளில் வருகிற ஆட்களின் தொகை போகும்போது குறையும். பிள்ளைப்பேற்று வார்டில் மட்டும்தான் கூடும். எனக்கு அந்த வேலைதான் வேண்டும். வேறு எதையும் நான் அவ்வளவு ஆசைப்பட்டதில்லை, கலியாணத்தையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

இதை மாப்பிள்ளை வீட்டாரிடம் சொல்லவேண்டும். ஆனால் கலியாணப் பேச்சில் பொம்பிளை வாய் திறப்பதில்லை. வார்டில் டொக்டர்மாரை அதட்டுகிறவள்தான் நான். என்றாலும் என் கலியாணத்தைப் பற்றி நானே பேசினால் அப்பாவின் மானம் போய்விடும் என்று வளர்க்கப்பட்டவள். அப்பாவும் தம்பியும் வருவதற்கு வழியில்லை. அந்தக் காலத்தில் இலங்கையிலிருந்து வெளிநாட்டுக் காசு எடுத்துக்கொண்டு ஒரு அடி நகர முடியாது. உன் பக்கம் நின்று பேச ஒரு நல்ல மனிதரைப் பார் என்று அப்பா எழுதியிருந்தார். மெல்பேர்னில் அப்போது இருந்த தமிழரை ஒரு சாப்பாட்டு மேசையைச் சுற்றி உட்காரவைத்துவிடலாம். அவர்கள் எல்லாரும் மாப்பிள்ளையின் அக்காவுக்கு ஏதோ ஒரு வழியில் சொந்தம். எனக்கென்று மிஞ்சியவர் சுவீடன்காரர் ஒருவர்தான்.

அவரிடம் எல்லாவற்றையும் விவரமாகச் சொன்னேன். ஒரு வருஷம், அது ஒன்றுதான் கேட்கவேண்டும். கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, இரண்டு தரப்பும் சம்மதித்தால் வருகிறேன் என்றார்.

பேச்சுக்குக் குறித்த நாளில், சிட்னியிலிருந்து ஹியூம் ஹைவேயில் முழு நாளும் கார் ஓட்டிக்கொண்டு அவர்கள் வந்தார்கள். அக்கா, அக்காவின் கணவர், மாப்பிள்ளை. உள்ளே வந்து பார்த்தால் சுவீடன்காரர் சாப்பாட்டு மேசையை முன்னறையின் சரி நடுவில் போட்டிருக்கிறார். ஒரு பக்கம் மூன்று கதிரை, எதிர்ப் பக்கம் எனக்கும் மூன்று கதிரை, இரண்டு பக்கமும் ஒரே அளவு தண்ணீர்ச் சாடி. மேசையின் தலைப்பில் அவர், இஸ்திரி போட்ட பழைய பட்டாளச் சட்டையோடும் நீலத் தொப்பியோடும். ஆர் இவர், பொலிஸோ என்று அக்கா என் காதுக்குள் கேட்டா. என் பக்கம் கதைக்க வந்தவர் என்றேன். அக்காவுக்கு உள்ளுக்குள் சந்தோஷம்தான். கலியாணப் படத்தில் ஒரு வெள்ளைக்காரர் நிற்பார் அல்லவா.

அக்கா நன்றாக இங்கிலீஷ் பேசுவா. ஆனால் இங்கிலீஷில் பேசின கலியாணம் நிலைக்காது என்பது அவவின் கட்சி. அதனால் அவ தமிழில் சொல்ல, நான் அதை அவருக்கு இங்கிலீஷில் சொல்லவேண்டி வந்தது. உடனே அவர் ஆட்சேபித்தார். மொழிபெயர்ப்பவர் எந்தத் தரப்பையும் சேர்ந்தவராக இருக்கக்கூடாதாம். வேறு ஆள் இல்லை என்றதும், என் ஆட்சேபத்தைச் சொல்லிவிட்டேன், தொடரலாம் என்றார். என் கலியாணத்தில் வாய் திறக்கக்கூடாத நான், அந்த அறையில் மற்ற எல்லாரையும்விட அதிகம் பேசினேன். அத்தனையும் மற்றவர்களின் பேச்சு.

படிப்பு விஷயம் வந்தது. அக்கா கேக்கை மென்றுகொண்டே சொன்னா:

"பிள்ளைப்பேறு பாக்கிறதை இனிப் போய்ப் படிச்சு என்ன. கலியாணம் முடிஞ்ச கையோட சிட்னிக்கு வந்து தானே பெத்துப் பழகட்டும்."

காது சுட, ஒரு சொல் விடாமல் அதை மொழிபெயர்த்தேன். மாப்பிள்ளை கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சுவீடன்காரர் எழுந்து நின்றார். பெண் தரப்பு ஒரு வருஷம் கேட்கிறது, மாப்பிள்ளை தரப்பு ஒரு நாளும் முடியாது என்கிறது, இரண்டு நிலைப்பாடுகளும் தன் கவனத்துக்கு வந்துள்ளன என்றார். பிறகு உட்கார்ந்துவிட்டார். அக்கா இன்னும் ஏதாவது வருமென்று காத்திருந்து பார்த்தா. ஒன்றும் வரவில்லை. எங்கள் ஆட்களுக்குள் பெண் வீட்டார் பேசாமல் இருந்தால் சம்மதம் என்றுதான் கணக்கு. அப்ப சரி என்று அக்கா இன்னொரு துண்டு கேக்கை எடுத்தா. என் படிப்பு அந்தக் கேக்கோடு போயிற்று.

அவர்கள் போனதும் நான் அவரைப் பிடித்துக்கொண்டேன். வார்டில் அதட்டிப் பழகிய வாய், சும்மா இருக்கவில்லை. நீங்கள் ஒரு மரக்கதிரை, கதிரையாவது ஆளைத் தாங்கும் என்றேன். இந்த வீட்டுக்கு வாடகைக்கு வந்ததைவிட ட்ராமிலேயே குடியிருந்திருக்கலாம் என்றேன். கறிச் சட்டியை எடுத்துக்கொண்டு போய் நடுத்தட்டில் வைத்துவிட்டு, கதவை அடித்துச் சாத்தினேன். அன்று அவர் என் கதவைத் தட்டவில்லை.

மறுநாள் பின்வளவில் துணி எடுக்கப் போனபோது மரத்தடியில் நின்றார். என்னைப் பாராமலே பேசத் தொடங்கினார். சைப்பிரஸில் அவர் காவல் நின்ற சாவடிக்கு ஒவ்வொரு காலையும் ஒரு கிழவி வருவாளாம். அவளுடைய எலுமிச்சைத் தோட்டம் எல்லைக் கோட்டுக்கு அந்தப் பக்கம் போய்விட்டது. தண்ணீர் ஊற்றிவிட்டு வர விடு என்று கேட்பாள். இவர் அதை மேலே அறிவிப்பார். மேலிருந்து மறுமொழி வராது. அடுத்த நாளும் வருவாள், அடுத்த நாளும் அறிவிப்பார். அவள் கிரேக்கப் பெண்ணா துருக்கிப் பெண்ணா என்று கேட்டேன். அதைச் சொல்வது முறையில்லை என்றார். கோடை முழுவதும் சாவடியிலிருந்து பார்த்துக்கொண்டே நின்றாராம். மரங்கள் எல்லாம் காய்ந்தன. அவள் வருவதை நிறுத்தினாள். சாவடியில் குறுக்கே கிடந்த தடைக்கம்பைத் தூக்க ஒரு விரல் போதும் என்றார் சுவீடன்காரர். அவருடைய கை மரத்தின் ஒரு இலையைத் தடவிக்கொண்டிருந்தது. எனக்கு அழுகை வந்தது. கோபமும் போகவில்லை.

கலியாணத்துக்கு நாள் குறித்தாயிற்று, அந்த வீட்டு முன்னறையிலேயே. ஆனி மாதம், மெல்பேர்னில் நடுங்கும் குளிர். எங்கள் வழக்கத்தில் மாப்பிள்ளை வந்து இறங்கியதும் பெண்ணின் சகோதரன், தோழன் என்று சொல்வோம், வாசலில் நின்று அவருடைய காலைக் கழுவி, கையைப் பிடித்து உள்ளே கூட்டிவரவேண்டும். அதற்காக மாப்பிள்ளை ஒரு மோதிரம் போடுவார். தம்பி ஊரில். தோழனுக்கு எங்கே போவது? மறுபடியும் இவர்தான். வாய் தேவைப்படாத வேலை, இவருக்குத் தோதான வேலை என்று மனதுக்குள் கறுவிக்கொண்டே கேட்டேன்.

அவர் பெரிய அக்கறையாக விசாரித்தார். வாசல் என்றால் எந்த இடத்தில் தொடங்குகிறது, வேலியில் திறக்கிற படலையிலா, படியிலா? முதலில் எந்தக் கால்? தோழன் இரண்டு தரப்புக்கும் பொதுவா? இல்லை, தோழன் பெண்ணின் சகோதரன், பெண் வீட்டு ஆள் என்றேன். அதை இரண்டு தரம் சொல்லச் சொன்னார். தோழன் கூட்டிவராமல் மாப்பிள்ளை உள்ளே வரலாமா? வர ஏலாது. அவருடைய அக்கா? அவவும்தான் வர ஏலாது. ஆகவே அது ஒரு சோதனைச் சாவடி என்றார். எனக்குத் தைத்து வந்த சட்டை இறுக்கம், பலகாரத்துக்குச் சீனிப்பாகு அடுப்பில். ஓம், சாவடிதான், அப்படியே வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லித் தொலைத்தேன்.

கலியாண நாள் காலையில் பக்கத்து வீட்டுப் பெண்கள் இரண்டு பேரும் என்னை உடுத்த வந்துவிட்டார்கள். ஒருத்தி இடது பக்கம் நின்று என் தலைமுடியை இழுத்தாள், மற்றவள் வலது பக்கம். இருவருக்குள்ளும் பேச்சுவார்த்தை இல்லை. அந்த ஊசியைத் தரச் சொல்லு என்று கிரேக்கப் பெண் என்னிடம் சொல்வாள். ஊசி சேலைத் தலைப்புக்கு வேண்டுமென்று சொல்லு என்று துருக்கிப் பெண் என்னிடம் சொல்வாள். தலையை ஆட்டாமல் இரண்டு பக்கத்துக்கும் செய்தி சொல்லிச் சொல்லி எனக்குக் கழுத்து நொந்தது. அன்றுதான் அவருடைய உத்தியோகம் எனக்கு ஓரளவு விளங்கியது.

ஐயர் வேலையைப் பார்க்கத் தஞ்சாவூர்க்காரர் ஒருவர் கிடைத்திருந்தார். பல்கலைக்கழகத்தில் வேதியியல் படிப்பிக்கிறவர். மந்திரமும் தெரியும், எந்தத் தீயில் எவ்வளவு நெய் விட்டால் வீட்டுக்காரரின் கம்பளம் தப்பும் என்பதும் தெரியும். அவருக்கு ஒரே கவலை முகூர்த்தம். கையில் மணிக்கூட்டைக் கழற்றி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

நான் முன்னறை ஜன்னல் திரைக்குப் பின்னால் நின்றேன். படலையில் சுவீடன்காரர். வேட்டிக்கு மேல் பட்டாள இடுப்புப்பட்டி, தலைப்பாகை கட்டச் சொன்ன தலையில் நீலத் தொப்பி, கையில் செம்பு, பக்கத்தில் வெந்நீர்க் கேத்தில். இரண்டு கார்கள் வந்து நின்றன. மாப்பிள்ளை பட்டு வேட்டியோடு இறங்கி, சப்பாத்தைக் கழற்றி, வலது காலைத் தாம்பாளத்தில் வைத்தார். சுவீடன்காரர் குனிந்து மிகவும் பக்குவமாகக் கழுவித் துடைத்தார். மாப்பிள்ளை இடது காலை வைத்தார். அதில் தண்ணீரை ஊற்றினார். பிறகு செம்பைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றார்.

நீலத் தொப்பியைக் கழற்றினார். அதை இரண்டாக மடித்து இடுப்புப்பட்டியில் செருகினார். அந்தத் தொப்பியை அவர் தானாகக் கழற்றியதை நான் அன்றுதான் பார்த்தேன், கீழே முன்பக்கம் வழுக்கை. கையை நீட்டிப் படலைக்குக் குறுக்கே வைத்துக்கொண்டு, சாதாரணமான குரலில் சொன்னார்:

"என்னுடைய தங்கைக்கு ஒரு வருஷப் படிப்பு இருக்கிறது. அவள் அதை முடிப்பாளா என்று தெரியாமல் உங்களை உள்ளே விட முடியாது."

அக்கா முன்னுக்கு வந்து, அது முந்தியே பேசி முடித்த விஷயம் என்று இங்கிலீஷில் தொடங்கினா. இங்கிலீஷில் பேசின கலியாணம் நிலைக்காது என்பது இந்தத் தரம் அவவின் நினைவுக்கு வரவில்லை. அவர் மரியாதையாகத் தலையைக் குனிந்து, மன்னிக்கவேண்டும், கால் நனைந்தவர்தான் மறுமொழி சொல்லவேண்டும் என்றார். மாப்பிள்ளை ஒரு கால் தாம்பாளத்திலும் ஒரு கால் துடைத்த துவாயிலுமாக நின்றார். வெந்நீர் எப்போதோ ஆறியிருக்கும். உள்ளேயிருந்து தஞ்சாவூர்க்காரர் எட்டிப் பார்த்து, "முகூர்த்தம் போகுது, ஆமா, இல்லைன்னு ஏதாவது சொல்லி உள்ள வாங்க" என்றார். அக்காவின் கணவர் வாழ்நாளில் முதல் தடவையாக, தம்பி, காலாவது எடு, விறைச்சுப் போகும் என்றார். மாப்பிள்ளை காலை எடுக்கவில்லை.

என் பக்கத்தில் ஜன்னலுக்கு இரண்டு தலைகள் வந்துவிட்டன. அவர் மறித்துவிட்டார் என்று கிரேக்கப் பெண் சொன்னாள். நான் அதைத் துருக்கிப் பெண்ணுக்குத் திருப்பிச் சொல்ல வாய் எடுத்தேன். நீ சொன்னது எனக்கே கேட்டது, பேசாமல் இரு என்று துருக்கிப் பெண் கிரேக்கப் பெண்ணையே பார்த்துச் சொன்னாள்.

கலியாணம் நின்றுவிடும் என்று பயந்தேன். நின்றால் அப்பாவுக்கு என்ன எழுதுவது? அதே நேரம், அந்த மனிதர் கையை எடுத்துவிடக்கூடாதே என்று கும்பிடாத குறையாக நின்றேன். என் பக்கம் நின்று ஒருவர் வாசலை மறிப்பார் என்று நான் கனவிலும் எண்ணவில்லை.

மாப்பிள்ளை முதலில் அக்காவைப் பார்த்தார். பிறகு தன் காலைப் பார்த்தார். பிறகு என்ன நினைத்தாரோ, நேரே ஜன்னலைப் பார்த்தார். திரைக்குப் பின்னால் என்னைக் கண்டிருக்க முடியாது.

"ஓம். அவ படிச்சு முடிக்கட்டும். நான் வந்து வந்து போறன்."

அவருடைய குரலை நான் கேட்டது அதுதான் முதல் தரம். அவர் தமிழில்தான் சொன்னார். சுவீடன்காரர் ஜன்னல் பக்கம் திரும்பினார். மொழிபெயர்க்கவேண்டியவள் நான் அல்லவா. ஜன்னலைத் தள்ளித் திறந்து, சரி என்கிறார் என்று கத்தினேன். அப்பாவின் மானம் அன்றைக்கு எங்கே போயிற்றோ, நான் தேடவில்லை. அவர் இடது காலைத் துடைத்துவிட்டு, கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்தார். அக்கா உள்ளே வர முன்னால் அவவுக்கும் படலையைத் திறந்து பிடித்தார்.

மோதிரம் போடும் நேரத்தில் இன்னொரு தடங்கல். நடுவில் நிற்கிற படைவீரர் எந்தத் தரப்பிடமும் பரிசு வாங்கக்கூடாதாம். கையை நீட்டப் போனவர் அப்படியே நின்றார். பிறகு இடுப்பில் செருகியிருந்த தொப்பியை ஒருதரம் பார்த்துவிட்டு விரலை நீட்டினார். தம்பியின் அளவுக்குச் செய்த மோதிரம் அவருடைய சின்ன விரலின் பாதியில் நின்றுவிட்டது. அன்று முழுவதும் விரலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே பலகாரம் பரிமாறினார்.

நான் அந்த ஒரு வருஷத்தைப் படித்து முடித்தேன். என் கணவர் சிட்னியிலிருந்து லீவு கிடைத்த நேரமெல்லாம் வந்தார். அப்படி ஒரு வருகையில், ஏன் முதல் நாளே சம்மதம் என்று சொல்லவில்லை என்று சண்டை பிடித்தேன். மனிதர் ஆச்சரியப்பட்டார்.

"கேட்டிருந்தால் சொல்லியிருப்பன். அண்டைக்கு வாசல்லதான் ஒராள் என்னட்டைக் கேட்டது."

அவர் வந்து நிற்கும் நாள்களில் சுவீடன்காரர் நடுத்தட்டை அவருக்கு ஒதுக்கிக் கொடுத்தார். கோடு மட்டும் அழியவில்லை.

பயிற்சி முடிந்து நான் சிட்னிக்குக் கிளம்பிய நாள் அவர் ஸ்பென்சர் ஸ்ட்ரீட் ஸ்டேஷனுக்கு வந்தார். ஒரு கோணிப்பை நிறைய எலுமிச்சம்பழம். தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு வந்து என் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தார். மோதிரத்தை ஒரு நூலில் கோத்துக் கழுத்தில் போட்டிருந்தார். அந்த வீட்டில் அவ்வளவு காலம் இருந்தும் அந்த மரத்தில் ஒரு பழம் நான் தின்றதில்லை. சிரிப்பு வந்தது. பக்கத்து வீடுகளுக்கு என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். இந்த முறை அவர்களுக்கு இல்லை என்றார். அப்படியானால் எனக்குப் பாதி, என் கணவருக்குப் பாதியா என்று சீண்டினேன்.

அவர் இல்லையென்று தலையை ஆட்டினார்.

"எல்லாம் உனக்கு."